துறைமுகத் தொழிலாளியின் கிளாரினெட்

'ஜாஸ்' என்ற சொல்லைக் கேட்டதும் நம்முள் பலருக்கு என்ன நினைவு வருகிறது? ஆரவாரமான மேளம், பளபளக்கும் பித்தளைக் கருவிகள், மேல்நாட்டு நடனக் கூடம். இவ்வளவே! அந்த இசையைப் படைத்தவர்கள் யார், எந்தச் சூழ்நிலையில் படைத்தார்கள், அதைப் பேணிக் காத்தவர்கள் பட்ட பாடு என்ன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பகலெல்லாம் துறைமுகத்தில் மூட்டை சுமந்து, இரவில் கிளாரினெட் ஊதி, உலகம் மறந்துவிட்ட ஓர் இசையைத் தம் மூச்சில் காப்பாற்றி வைத்திருந்த ஒருவரின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம். அவர் பெயர் ஜார்ஜ் லூயிஸ்.

கருவியைப் பற்றிச் சில சொற்கள்

கதைக்குள் நுழையுமுன் கருவியை அறிவது நலம். கிளாரினெட் ஒரு காற்றிசைக் கருவி. கி.பி. 1700-ஐ ஒட்டி ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் யோகான் கிறிஸ்டோப் டென்னர் என்ற கைவினைஞர் இதை உருவாக்கினார் என்பர். கருமையான கடின மரத்தால் ஆன இக்குழலின் வாய்ப்பகுதியில், 'ரீடு' எனப்படும் மெல்லிய நாணல் சீவல் ஒன்று கட்டப்பட்டிருக்கும். ஊதும்போது இந்தச் சீவல் அதிர்கிறது. அந்த அதிர்வே குழலுக்குள் நாதமாகிறது. நம் நாகஸ்வரத்தின் சீவாளியும் நாணலால் ஆனதே. ஆனால் சீவாளியில் இரண்டு பட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து அதிரும். கிளாரினெட்டில் ஒரே பட்டை. பழைய சதிர்க் கச்சேரிகளின் பக்கவாத்தியக் குழுவில் கிளாரினெட் இடம்பெற்றிருந்ததால், இது நமக்கு முற்றிலும் அந்நியமான கருவியும் அன்று.

இக்கருவிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. புல்லாங்குழலை அழுத்தி ஊதினால், 'ச' என்ற சுரம் மேல் ஸ்தாயி 'ச' ஆக ஒலிக்கும். கிளாரினெட்டிலோ அது மேல் ஸ்தாயி 'ப' ஆகத் தாவும். உருளை வடிவமான குழலின் ஒரு முனை, ஊதுபவரின் வாயால் மூடப்படுவதே இதற்குக் காரணம். இதனால் ஒரே கருவியில் இரண்டு குரல்கள் கிடைக்கின்றன. கீழே கனத்த, இருண்ட, மரத்தின் மணம் வீசும் குரல். மேலே தெளிந்த, கூவியழைக்கும் குரல். ஜார்ஜ் லூயிஸ் இவ்விரு குரல்களையும் மனிதர் பேசுவதைப் போலவே பேச வைத்தார்.

விசைகளை அமைக்கும் முறையிலும் வகைகள் உண்டு. பிரான்சில் 1839-க்கும் 1843-க்கும் இடையே உருவான 'போம்' முறையே இன்று உலகின் பெரும்பாலான இடங்களில் வழங்குகிறது. அதற்கு முந்தைய எளிய அமைப்பைத் தழுவியது, பெல்ஜியத்தின் ஆல்பர்ட் என்பவர் பெயரால் வழங்கும் 'ஆல்பர்ட்' முறை. வேகமாக விரலோட்ட இது சற்றுக் கடினம். ஆனால் நாதம் அகன்றது என்று பழைய ஜாஸ் கலைஞர்கள் பலர் இதையே விரும்பினர். ஜார்ஜ் லூயிஸின் கருவியும் இந்தப் பழைய முறைக் கருவியே.

அவர் பிறந்த ஊர்

அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆறு கடலோடு கலப்பதற்கு முன் வளைந்து செல்லும் இடத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரம் உள்ளது. பிரெஞ்சுக்காரர்கள் 1718-இல் நிறுவிய நகரம் அது. பின்னர் ஸ்பெயின் ஆண்டது. 1803-இல் அமெரிக்கா அதை விலைக்கு வாங்கியது. உர்சுலைன் சபைக் கன்னியர் 1727-இல் அங்கு வந்து பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினர். அப்பள்ளி இன்றும் நடைபெற்று வருகிறது என்பது நம்மைப் போன்ற மாணவியருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

ஆனால் அந்நகரின் மற்றொரு பக்கம் கண்ணீர் நிறைந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியிட்டுக் கொண்டுவரப்பட்ட மக்கள் அங்கே சந்தைப் பொருளாக விற்கப்பட்டனர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் 'காங்கோ சதுக்கம்' என்ற திடலில் கூடி, தங்கள் மூதாதையரின் தாளங்களை முழக்கி ஆடினர். அடிமை முறை ஒழிந்த பின்னும் கொடுமை ஒழியவில்லை. ரயிலில் வெள்ளையருக்கு ஒரு பெட்டி, கறுப்பருக்கு ஒரு பெட்டி என்ற சட்டத்தை எதிர்த்து, அந்த ஊரைச் சேர்ந்த ஹோமர் பிளெஸ்ஸி 1892-இல் வெள்ளையர் பெட்டியில் ஏறி அமர்ந்தார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896-இல் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வந்த நான்காம் ஆண்டில், 1900 ஜூலை 13 அன்று, அதே நகரின் பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியில் நம் கதைத் தலைவர் பிறந்தார்.

அடிமைகளின் தாளம், பிரெஞ்சு நடன இசை, தேவாலயப் பாடல், இராணுவ அணிவகுப்பு வாத்தியம், உழைப்பாளிகளின் துயரப் பாட்டான 'ப்ளூஸ்' ஆகிய அனைத்தும் அந்த ஒரே ஊரின் தெருக்களில் கலந்தன. அக்கலவையில் பிறந்ததே ஜாஸ். ஒருவர் இறந்தால் வாத்தியக் குழு முன்னே செல்லும். கல்லறைக்குப் போகும்போது மெல்ல நடந்து சோகமான பக்திப் பாடலை இசைப்பார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது அதே குழு உற்சாகமான இசையை முழக்க, ஊர் மக்கள் ஆடிக்கொண்டே பின்செல்வார்கள். அழுகையும் நம்பிக்கையும் ஒரே வீதியில் நடக்கும் ஊர் அது.

தாயும் மகனும்

ஜார்ஜின் தாய் ஆலிஸ் ஜீனோ. பிறர் வீட்டில் வேலை செய்து பிழைத்தவர். பிரெஞ்சும் கலந்து பேசும் குடும்பத்தில் வளர்ந்தவர். அவருடைய முன்னோருள் ஒரு பெண் சிறுமியாய் இருந்தபோது ஆப்பிரிக்காவின் செனகலிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர். அந்த முதாட்டி பேசிய வோலோஃப் மொழியின் சில சொற்கள் தலைமுறை தலைமுறையாக வந்து, ஆலிஸின் நினைவில் கடைசி வரை தங்கியிருந்தன. பெயரையும் ஊரையும் பறிகொடுத்த ஒரு பரம்பரை, சில சொற்களை மட்டும் புதையல்போல் காத்து வந்தது! மறக்கப்பட்டதைக் காக்கும் குணம் ஜார்ஜுக்குத் தாய்வழிச் சொத்தாகவே வந்தது எனலாம்.

ஜார்ஜுக்கு இசைப்பள்ளி இல்லை, ஆசிரியர் இல்லை. ஏழு வயதளவில் கையில் கிடைத்த விளையாட்டுத் தகரக் குழலை ஊதியே தொடங்கினார். பதின்ம வயதில் கிளாரினெட் கைக்கு வந்தது. வீதியில் போகும் குழுக்களைக் காதால் கேட்டு, வீட்டுக்கு வந்து விரலால் தேடிக் கற்றார். இசைக் குறிப்புகளைப் படிக்க அவர் வாழ்நாள் முழுதும் கற்கவில்லை. கேட்டதை வாசிப்பது, வாசித்ததை நினைவில் வைப்பது, நினைவில் உள்ளதை ஒவ்வொரு நாளும் புதிதாகச் சொல்வது, இவையே அவர் கற்ற பாடம்.

1917 அளவில் அவர் ஊர்க் குழுக்களில் வாசிக்கத் தொடங்கினார். 1920-களில் பட்டி பெட்டிட், கிறிஸ் கெல்லி போன்ற புகழ்பெற்ற குழுத் தலைவர்களுடன் வாசித்தார். சொந்தக் குழுவும் அமைத்தார்.

பழைய ஜாஸின் அமைப்பு

அந்நாளைய ஜாஸ் குழுவில் ஆறேழு பேர் இருப்பார்கள். முன்வரிசையில் மூவர்: டிரம்பெட், டிராம்போன், கிளாரினெட். பின்வரிசையில் தாளம் காக்கும் பாஞ்சோ, பெரிய பாஸ் தந்திக்கருவி, டிரம்ஸ், சில வேளை பியானோ.

டிரம்பெட் பாட்டின் மெட்டைத் தாங்கிச் செல்லும். டிராம்போன் கீழிருந்து கனம் கொடுக்கும். கிளாரினெட் கொடிபோல இரண்டையும் சுற்றிப் படரும். மூவருமே ஒரே நேரத்தில் மனோதர்மமாக வாசிப்பார்கள். எழுதி வைத்த குறிப்பு எதுவும் இராது. ஆயினும் ஒருவர் மற்றவரைக் கேட்டுக்கொண்டே வாசிப்பதால் குழப்பம் நேராது. ஒருவர் நீட்டும் இடத்தில் மற்றவர் ஓய்வார்; ஒருவர் விட்ட இடைவெளியை மற்றவர் நிரப்புவார். நல்ல குடும்பத்தில் நான்கு பேர் சேர்ந்து சமையல் செய்வதைப் பார்த்திருப்போமே, யாரும் உத்தரவிடாமலே வேலை நடக்கும்! அதுபோன்றது இது. தனித்து மின்ன விரும்புபவருக்கு இவ்விசையில் இடம் குறைவு. பிறரைக் கேட்கத் தெரிந்தவருக்கே இது வசப்படும்.

எல்லாரும் புறப்பட்டுப் போனார்கள்

ஜாஸ் இசை முதன்முதலாக 1917-இல் இசைத்தட்டில் ஏறியது. அதை வாசித்தவர்கள் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த வெள்ளையர் குழுவினர். அதன்பின் வாய்ப்பும் வருமானமும் தேடிக் கலைஞர்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டனர். ஜார்ஜைவிட மூன்று வயது மூத்த சிட்னி பெஷே 1919-இல் ஐரோப்பாவுக்குச் சென்றார். ஒரு வயது இளையவரான லூயி ஆம்ஸ்ட்ராங் 1922-இல் சிகாகோவுக்கு ரயிலேறி, சில ஆண்டுகளில் உலகப் புகழ் பெற்றார். ஜார்ஜ் ஊரிலேயே தங்கினார்.

1930-களில் பொருளாதார வீழ்ச்சி நாட்டை வாட்டியது. வேலை தேடி லூசியானா மாநிலத்தின் கிராமப்புறத்தில் எவன் தாமஸ் என்பவரின் குழுவில் ஜார்ஜ் சேர்ந்தார். அக்குழுவில் பங்க் ஜான்சன் என்ற மூத்த டிரம்பெட் கலைஞரும் இருந்தார். ஓர் இரவு, ரெய்ன் என்ற ஊரில், நடன நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே குழுத் தலைவர் எவன் தாமஸை ஒருவன் கத்தியால் குத்திக் கொன்றான். குழு கலைந்தது. ஜார்ஜ் நியூ ஆர்லியன்ஸுக்குத் திரும்பினார்.

அதன்பின் வந்த ஆண்டுகள் கடுமையானவை. ஜாஸ் உலகில் காலம் மாறிவிட்டது. பதினைந்து பேர் வரை சேர்ந்து, எழுதிய குறிப்பைப் பார்த்து வாசிக்கும் 'ஸ்விங்' இசையே நாகரிகம் ஆயிற்று. பழைய முறையில் வாசிப்பவரை யாரும் பொருட்படுத்தவில்லை. ஜார்ஜ் மிசிசிப்பித் துறைமுகத்தில் சுமை தூக்கும் வேலைக்குச் சென்றார். அவர் உடல்வாகோ மிக ஒல்லி! பகலில் கப்பல் சரக்கு. இரவில் சிறு மதுக்கூடத்திலோ நடனக் கூடத்திலோ சில காசுகளுக்கு வாசிப்பு. நாற்பது வயதைக் கடந்தும் அவருடைய வாசிப்பு ஓர் இசைத்தட்டில்கூடப் பதிவாகவில்லை. அந்நிலையில் அவர் கருவியை மூலையில் வைத்திருந்தால், அவர் பெயர் இன்று யாருக்குத் தெரிந்திருக்கும்? அவர் வைக்கவில்லை.

தேடி வந்தவர்கள்

1930-களின் இறுதியில் சில இளைஞர்கள், ஜாஸ் எங்கே, எப்படிப் பிறந்தது என்று ஆராயத் தொடங்கினர். நியூ ஆர்லியன்ஸின் பழைய கலைஞர்களைப் பற்றி விசாரித்தபோது பங்க் ஜான்சனின் பெயர் வந்தது. அவர் எங்கே? நியூ ஐபீரியா என்ற ஊரில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். பற்கள் போய்விட்டதால் டிரம்பெட் ஊத இயலாது, கருவியும் இல்லை. ஆர்வலர்கள் பணம் சேர்த்துக் கருவி வாங்கிக் கொடுத்தனர். பற்கட்டு அமைத்துக் கொடுத்தவர் சிட்னி பெஷேயின் அண்ணனும் பல் மருத்துவருமான லியோனார்டு பெஷே! இசை உலகில் இப்படியும் ஒரு மருத்துவத் தொண்டு நடந்திருக்கிறது.

1942 ஜூன் மாதம் நியூ ஆர்லியன்ஸில் ஓர் இசைக்கருவிக் கடையின் மாடியில் பதிவு நடந்தது. பங்க் ஜான்சனுக்குத் துணையாகக் கிளாரினெட் வாசிக்க அழைக்கப்பட்டவர் ஜார்ஜ் லூயிஸ். அந்தத் தட்டுகள் வெளிவந்தபோது பலரும் டிரம்பெட்டைக் கேட்க வாங்கினார்கள். கேட்டபின் 'அந்தக் கிளாரினெட் யார்?' என்று விசாரித்தார்கள்.

இம்முயற்சியில் முன்னின்றவருள் ஒருவர் வில்லியம் ரஸ்ஸல். அவரே ஒரு வயலின் கலைஞர். தாளக் கருவிகளுக்கு இசை அமைத்தவர். எடுத்துச் செல்லக்கூடிய பதிவுக் கருவி ஒன்றைத் தாமே சுமந்து வந்து, மறைந்துகொண்டிருந்த இசையைப் பதிவு செய்தார். 1943 மே மாதம் ஜார்ஜின் தலைமையிலேயே ஒரு குழுவைப் பதிவு செய்தார். இந்தத் தட்டுகள் இன்றும் பழைய ஜாஸ் விரும்பிகளால் போற்றப்படுகின்றன.

கட்டிலில் பிறந்த ராகம்

1944-ஆம் ஆண்டின் கோடைக்காலம். துறைமுகத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது பளுவான சரக்குப் பெட்டி ஒன்று சரிந்து ஜார்ஜின் மார்பை நசுக்கியது. உயிர் தப்பியதே பெரிது. கிளாரினெட் கலைஞருக்கு மார்பும் மூச்சும்தானே முதல்! இனி வாசிக்க முடியுமா என்ற ஐயம் எழுந்தது.

செயின்ட் பிலிப் தெருவிலுள்ள வீட்டில் படுக்கையில் கிடந்தபடியே அவர் சிறிது சிறிதாக ஊதிப் பழகினார். ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் இரு நண்பர்கள் பார்க்க வந்தனர். பாஞ்சோ வாசிக்கும் லாரன்ஸ் மரேரோ ஒருவர். பாஸ் வாசிக்கும் 'ஸ்லோ டிராக்' பாவஜோ மற்றவர். இருவரும் தங்கள் கருவிகளைக் கையோடு கொண்டுவந்தனர். வில்லியம் ரஸ்ஸல் பதிவுக் கருவியுடன் வந்தார். நோயாளியின் அறையே பதிவுக் கூடம் ஆயிற்று. அங்கே ஜார்ஜ் மனோதர்மமாக ஒரு மெல்லிய ப்ளூஸ் வாசித்தார். அதற்குப் 'பர்கண்டி ஸ்டிரீட் ப்ளூஸ்' என்று பெயர் இடப்பட்டது. பர்கண்டி என்பது அப்பகுதியின் ஒரு தெருப்பெயர்.

அந்தப் பதிவை நாம் கேட்டுப் பார்க்க வேண்டும். இப்போது எளிதில் கிடைக்கிறது. அதில் வேகம் இல்லை, வித்தைகாட்டல் இல்லை. மெல்லிய ஒரு குரல் தன் துன்பத்தைச் சொல்கிறது. சொல்லிவிட்டுத் தன்னையே தேற்றிக்கொள்கிறது. பாஞ்சோவும் பாஸும் 'ஆம், ஆம்' என்று தலையசைப்பதுபோல உடன் வருகின்றன. நசுங்கிய மார்பிலிருந்து வந்த மூச்சு அது என்று எண்ணும்போது நம் மனம் நெகிழ்கிறது. தாம் வாழ்ந்த நாள்வரை எந்த ஊரில் வாசித்தாலும், இதை வாசிக்கும்படி மக்கள் அவரைக் கேட்டனர்.

நியூயார்க்கும் வீடும்

1945 செப்டம்பரில் பங்க் ஜான்சனின் குழு நியூயார்க் சென்றது. ஸ்டைவசன்ட் காசினோ என்ற கூடத்தில் நடந்த நிகழ்ச்சிகளுக்குப் பத்திரிகையாளரும் மாணவரும் திரண்டு வந்தனர். பெரிய நிறுவனங்கள் தட்டுகள் வெளியிட்டன. ஆனால் குழுவுக்குள் ஒற்றுமை இல்லை. தலைவர் தம் துணைக் கலைஞர்களை மதிக்கவில்லை; நவீனப் பாட்டுகளை வாசிக்கும் வேறு கலைஞர்களையே விரும்பினார். 1946-இல் குழு பிரிந்தது. ஜார்ஜ் கசப்பின்றி ஊர் திரும்பி, தம் நண்பர்களையே சேர்த்துக்கொண்டு குழுவைத் தொடர்ந்தார். டிரம்பெட்டில் கிட் ஹோவர்டு, டிராம்போனில் ஜிம் ராபின்சன், பியானோவில் ஆல்டன் பர்னெல், பாஞ்சோவில் மரேரோ, பாஸில் பாவஜோ, டிரம்ஸில் ஜோ வாட்கின்ஸ். 1950-களில் பழைய ஜாஸின் முகமாக விளங்கிய குழு இதுவே.

1950 ஜூன் மாதம் 'லுக்' என்ற புகழ்பெற்ற அமெரிக்க இதழ் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் பற்றிப் படங்களுடன் கட்டுரை வெளியிட்டது. அப்படங்களை எடுத்த இளைஞர் ஸ்டான்லி கூப்ரிக். பிற்காலத்தில் திரைப்பட இயக்குநராக உலகறிந்தவர். அதன்பின் கலிபோர்னியாவுக்கும் ஓஹாயோவுக்கும் அழைப்புகள் வந்தன. 1954-இல் ஓஹாயோ மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில், எப்பிஸ்கோப்பல் சபையின் ஆலயம் ஒன்றில் மாலை வழிபாட்டின்போது இக்குழு வாசித்தது. மதுக்கூட இசை என்று பலர் முகம் சுளித்த இசை, ஆலயத்தில் இறைவன் திருமுன் ஒலித்தது! ஆனால் அதில் வியப்பில்லை. அவர்கள் வாசித்த பாடல்களில் பல, சிறுவயதில் தாய்மார் பாடக் கேட்ட பக்திப் பாடல்களே அல்லவா?

கடல் கடந்த புகழ்

இங்கிலாந்தில் கென் காலியர் என்ற இளைஞர் ஜார்ஜின் இசைத்தட்டுகளைக் கேட்டு மயங்கினார். நியூ ஆர்லியன்ஸுக்குப் போகப் பணம் இல்லை. எனவே கப்பலில் மாலுமியாக வேலைக்குச் சேர்ந்து, 1952-இல் அங்கு போய்ச் சேர்ந்தார். ஜார்ஜின் குழுவோடு அமர்ந்து டிரம்பெட் வாசித்தார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் வாசிப்பதைச் சமூகம் ஏற்காத காலம் அது. அனுமதிக் காலம் கடந்தும் தங்கியதற்காக அவர் சிறையில் வைக்கப்பட்டு, 1953-இல் நாட்டை விட்டு அனுப்பப்பட்டார். இங்கிலாந்து திரும்பிய அவர், தாம் கற்றதை அங்குள்ள இளைஞருக்குப் பரப்பினார். அவர் குழுவில் சிறிது காலம் வாசித்த கிளாரினெட் கலைஞர் ஆக்கர் பில்க், 1961-இல் வெளிவந்த 'ஸ்டிரேஞ்சர் ஆன் தி ஷோர்' என்ற இசையால் உலகப் புகழ் பெற்றார். ஜார்ஜின் வாசிப்பில் ஊறி வளர்ந்தவர் அவர்.

ஜார்ஜ் 1957-இல் தனியாகவும், 1959-இல் முழுக் குழுவோடும் இங்கிலாந்து சென்றார். 1963 முதல் 1965 வரை மூன்று முறை ஜப்பானில் நெடும்பயணம் செய்தார். சொந்த ஊரில் வெள்ளையர் உணவகத்தில் உட்கார முடியாத மனிதருக்கு, கடல் கடந்த நாடுகளில் ரயில் நிலையத்தில் வாத்திய வரவேற்பு! இதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கிடையே 1961-இல் நியூ ஆர்லியன்ஸின் செயின்ட் பீட்டர் தெருவில் 'பிரிசர்வேஷன் ஹால்' தொடங்கப்பட்டது. 'பாதுகாப்பு மண்டபம்' என்பது இதன் பொருள். மது விற்பனை இல்லை, நடனம் இல்லை, மர பெஞ்சுகளில் அமர்ந்து முதிய கலைஞர்களின் இசையைக் கேட்பது ஒன்றே நோக்கம். கறுப்பரும் வெள்ளையரும் அங்கே அருகருகே அமர்ந்தனர். அதன் தொடக்க ஆண்டுகளில் மக்களை ஈர்த்த முதன்மைக் கலைஞருள் ஜார்ஜும் ஒருவர்.

குறை கூறியவர்கள்

எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள் என்று எழுதினால் அது உண்மையாகாது. சுருதி சில இடங்களில் விலகுகிறது, விரல் வேகம் போதாது, புதுமை இல்லை, ஒரே பாட்டுகளைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார் என்றெல்லாம் விமர்சகர் பலர் எழுதினர். அக்குறைகளில் சில உண்மையே. நாமும் பதிவுகளில் அவற்றைக் கேட்கலாம். 1940-களில் 'பீபாப்' என்ற கடினமான புதிய பாணி வந்தபின், பழமை விரும்பிகளைப் 'பூஞ்சை பிடித்த அத்திப்பழங்கள்' என்று எள்ளி நகையாடினர்.

புதுமை தவறா? இல்லை. ஆம்ஸ்ட்ராங் ஊரைவிட்டுச் சென்றதால்தான் ஜாஸ் உலக இசையாயிற்று. ஆனால் எல்லாரும் போய்விட்டால் ஊற்றுக்கண்ணைக் காப்பவர் யார்? பிறரைக் கேட்டுச் சேர்ந்து வாசிக்கும் அந்தப் பழைய முறை, ஜார்ஜும் அவருடைய நண்பர்களும் இல்லாவிடில் கேள்விச் செய்தியாக மட்டுமே எஞ்சியிருக்கும். மேலும், வித்தை மிகுந்தவர் வாசிப்பு நம்மை வியக்க வைக்கிறது. ஜார்ஜின் வாசிப்பு நம்மைத் தொடுகிறது. இரண்டும் இசைக்கு வேண்டும் என்பதே நம் கருத்து.

இறுதிப் பயணமும் அதன் பின்னும்

தாய் ஆலிஸ் ஜீனோ தொண்ணூறு வயதைக் கடந்து வாழ்ந்து 1960-இல் காலமானார். சுமைகூலியாய் இருந்த மகன் கடல் கடந்து மதிக்கப்பட்டதைக் காணும் பேறு அவருக்குக் கிடைத்தது. 1958-இல் தொடங்கப்பட்ட டுலேன் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் ஆவணக் காப்பகம் முதிய கலைஞர்களின் நினைவுகளைப் பதிவு செய்தபோது, அந்தத் தாயின் குரலையும் பதிவு செய்தது. காப்பகத்தின் முதல் காப்பாளர் வேறு யாருமல்லர், வில்லியம் ரஸ்ஸலே.

ஜார்ஜ் லூயிஸ் 1968 டிசம்பர் 31 அன்று மறைந்தார். அடுத்த சில நாள்களில், தாம் எத்தனையோ பேருக்கு வாசித்த அதே முறைப்படி, வாத்தியக் குழுக்கள் அவரைக் கல்லறைக்கு அழைத்துச் சென்றன. போகும்போது சோக இசை. திரும்பும்போது மகிழ்ச்சி இசை.

கதை அத்துடன் முடியவில்லை. ஜப்பானில் அவர் வாசித்ததைக் கேட்ட மாணவருள் யோஷியோ தொயாமா என்பவர் ஒருவர். அந்த இசையைக் கற்பதற்காகவே 1968-இல் மனைவியுடன் நியூ ஆர்லியன்ஸ் சென்று சில ஆண்டுகள் தங்கினார். பிற்காலத்தில் அந்நகரின் ஏழைச் சிறுவர்களுக்கு ஜப்பானிலிருந்து இசைக்கருவிகள் சேகரித்து அனுப்பும் தொண்டைத் தொடங்கினார். 2005-இல் கத்ரினா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது ஜப்பானிய ரசிகர் உதவினர். 2011-இல் ஜப்பானைக் கடற்கோள் தாக்கியது. கெசென்னுமா என்ற ஊரில் சிறுவர் ஜாஸ் குழு ஒன்றின் கருவிகள் வெள்ளத்தில் போயின. அப்போது நியூ ஆர்லியன்ஸிலிருந்து அச்சிறுவர்களுக்குப் புதிய கருவிகள் சென்றன. ஒரு சுமைதூக்கும் தொழிலாளியின் மூச்சு, கண்டம் கடந்து இரு ஊர்களை உறவினர் ஆக்கிவிட்டது!

நாம் கற்பது என்ன?

நம்முள் சிலர் பரிசு பெறுகிறோம், பலர் பெறுவதில்லை. பரிசு இல்லாத வேலையை எதற்குச் செய்ய வேண்டும் என்ற கேள்வி நம் மனத்தில் அவ்வப்போது எழுகிறது. நாற்பது வயது கடந்தும் யாரும் பதிவு செய்யாத ஒருவர், ஒவ்வோர் இரவும் தம் கருவியைத் துடைத்து எடுத்து, முழு மனத்தோடு வாசித்தார். அவரைத் தேடி யாராவது வருவார்கள் என்று அவருக்கு எவரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் தேடி வந்த நாளில் அவர் ஆயத்தமாய் இருந்தார்.

இன்னொன்றையும் நாம் மனத்தில் கொள்வோம். நம் பாட்டிமாரிடம் தாலாட்டு உண்டு. நடவுப் பாட்டு உண்டு. நமக்குப் பொருள் தெரியாத பழஞ்சொற்கள் உண்டு. 'இது பழசு' என்று நாம் ஒதுக்கியவற்றுள் எத்தனை ஊற்றுகள் இருக்கின்றனவோ! ரஸ்ஸல் பதிவுக் கருவியைச் சுமந்து சென்றார். நம் வீட்டிலோ கைப்பேசி இருக்கிறது. இந்த விடுமுறையில் பாட்டியின் அருகில் அமர்ந்து, ஒரு பாட்டையாவது கேட்டுப் பதிவு செய்வோமா தோழியரே?